வண்டிக்கு நிழல், பேனலுக்கு வெயில்

ஓடிக்கொண்டிருக்கும் வரை வண்டிக்கு மின்சாரக் கவலை கிடையாது. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஆல்டர்னேட்டர், மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே சொல்லும் அந்தக் கருவி, பேட்டரியை நிரப்பிக்கொண்டே வரும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, நான்கைந்து நாள் தங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விளக்கு, மின்விசிறி, செல்போன், தண்ணீர் பம்பு, சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கின்றன. திரும்ப நிரப்ப எதுவும் இல்லை. பேட்டரிக்காக மட்டும் இன்ஜினை ஓடவிட்டால், பெரிய லாரியில் மணிக்கு 2 லிட்டர் டீசல் வரை புகையாகிறது. ஜெனரேட்டர் வைத்தால் பெட்ரோல் செலவோடு சத்தமும் சேர்ந்துகொள்ளும். மடித்து எடுத்துப் போகக்கூடிய சோலார் பேனல் இந்த இடத்தில்தான் உதவுகிறது.

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்குப் படப்பிடிப்புத் தளம்தான் நினைவுக்கு வரும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் அறிவித்த பிறகு, வேனைத் தங்கும் வண்டியாக மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவது இங்கும் மெல்லப் பரவி வருகிறது. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் வண்டியிலேயே வாழ்வது பொழுதுபோக்காக வந்ததல்ல, பிழைப்பாகவே இருந்து வருகிறது. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகள் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியே நிற்கும். வேலையாட்களின் சமையலும் உறக்கமும் வண்டியை ஒட்டியே நடக்கும். ஆத்தூர்ப் பக்கத்து நெல் அறுவடை இயந்திரங்கள் அறுவடைக் காலத்தில் காவிரி டெல்டாவுக்குப் போய்விடும். நாமக்கல், சங்ககிரி லாரிகளின் ஓட்டுநர்கள் லோடுக்காக வெளிமாநிலத்தில் நாள்கணக்கில் காத்திருப்பார்கள். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். ஆகவே நிற்கும் வண்டிக்கு மின்சாரம் என்பது சுற்றுலாப் பயணியைவிட இந்த வட்டாரத்து உழைப்பாளிக்கு நெருக்கமான செய்தி.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. முழு உச்சி வெயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் விழுந்ததற்கு இது சமம். இன்றைய நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றுகிறது. வெப்பம், தூசி, ஒயர், பேட்டரி ஆகியவற்றில் போகும் இழப்பையெல்லாம் கழித்தால், 100 வாட் பேனல் ஒன்று தெளிந்த நாளில் தருவது சுமார் 350 வாட்-அவர், அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் எதை எழுதியிருந்தாலும் கணக்குப் போடும்போது இந்த எண்ணையே பிடித்துக்கொள்வது நல்லது.

பேனலை வண்டியின் கூரையிலேயே பொருத்திவிடலாமே என்று தோன்றும். ஓடும் வண்டிக்கு அது நல்ல ஏற்பாடுதான். நிற்கும் வண்டிக்கு, அதிலும் இந்த ஊர் வெயிலில், அது ஒத்துவராது. கூரையில் பேனல் இருந்தால் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 40 டிகிரி இருக்கும்போது மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே மனிதர் இருக்க முடியாது. ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடும். பேட்டரியின் ஆயுளும் குறையும். பேனல் சம்பாதித்ததில் ஒரு பகுதியை அந்தச் சூடே தின்றுவிடும். தரையில் வைக்கும் பேனல் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. வண்டி புளியமரத்து நிழலில் நிற்கலாம், பேனல் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் கிடக்கலாம். குளிர்நாட்டுக்காரர் இதை வசதி என்று சொல்வார். இங்கே இதுதான் முதன்மையான காரணம்.

பேனல்களில் மூன்று வகை உண்டு. அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பதித்த கெட்டிப் பேனல் எடை கூடியது. 100 வாட்டுக்கு ஏழெட்டுக் கிலோ இருக்கும். விலை குறைவு, பல ஆண்டு உழைக்கும். இரண்டு கெட்டிப் பேனல்களைக் கீல் போட்டுப் பெட்டிபோல் மடித்து, பின்னால் கால் வைத்து விற்கிறார்கள். துணியில் தைத்த மடிப்புப் பேனல் எடை குறைவு. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நாள்தோறும் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தால் தையலும் மடிப்பும் முதலில் விட்டுப்போகும். மூன்றாவது, வளையும் மெல்லிய பேனல். இதைத் தகரத்தின்மேல் ஒட்டினால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் வெந்துபோகும். ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றுலா போகும் குடும்பத்துக்குத் துணிப் பேனல் போதும். மாதக்கணக்கில் வெளியே நிற்கும் ரிக் வண்டிக்குக் கண்ணாடிப் பேனலே சரி. சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் வெளிநாட்டுக் கையேடுகள் இந்த ஊருக்குப் பொருந்துவதில்லை. அவை தெற்கு நோக்கி நன்றாகச் சாய்க்கச் சொல்கின்றன. எழுதியவர்கள் வடக்கே தொலைவில் இருப்பவர்கள். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்துவிடும். ஜூனில் 12 டிகிரி வரை. அந்தக் காலத்தில் தெற்கே சாய்த்த பேனல் சூரியனுக்கு முதுகைத் திருப்பத் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேனலை ஏறக்குறையப் படுக்கையாகவே வைத்துவிடலாம், இழப்பு மிகச் சிறிது. மார்கழியில் கதை வேறு. உச்சிப்பொழுதிலும் சூரியன் 35 டிகிரி தெற்கே இருக்கும். படுத்த பேனல் அப்போது ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அந்த மாதங்களில் தெற்கு நோக்கி நிமிர்த்தி வைக்க வேண்டும்.

கோணமானியோ செயலியோ தேவையில்லை. ஒரு பேனாவைப் பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்தினால் போதும். நிழல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பேனலைச் சாய்த்துக்கொண்டே போக, நிழல் குறுகிப் பேனாவின் அடிக்குள் மறையும் இடமே சரியான கோணம். காலை ஒன்பது மணிக்குக் கிழக்கே, நண்பகலில் நேராக, மூன்று மணிக்கு மேற்கே என்று மூன்று முறை திருப்பினாலே, ஒரே இடத்தில் கிடக்கும் பேனலைவிடக் கணிசமாகக் கூடுதல் கிடைக்கும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே உச்சிப்பொழுது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. சேலம் அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி சராசரியாக 12.17-க்கு வருகிறது.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. அட்டையில் அச்சிட்ட 100 வாட் என்பது பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. நாமக்கல் கோடையில் கண்ணாடிக்கு அடியில் 65 டிகிரி வரை ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும் என்பதால் 100 வாட் 85 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. கருங்கல் பாறைமேலோ தார் ரோட்டின்மேலோ படுக்கப்போடாமல், அடியில் காற்று போகும்படி ஒரு சாண் உயர்த்தி வைத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

நிழல் இதைவிடக் கொடியது. பேனலுக்குள் சிறு சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. வேப்பங்கிளை ஒன்றின் நிழல் இரண்டு செல்மேல் விழுந்தால் போகிற மின்சாரம் அந்த இரண்டின் பங்கு மட்டுமல்ல. அந்தத் தொடர் முழுவதுமே தடைபடும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி மின்சாரத்தைக் கடத்தும் பைபாஸ் டயோடு இருக்கும் பேனலில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போகும், இல்லாததில் ஏறக்குறைய எல்லாமே போகும். துணி காயப்போட்ட கயிறும் வண்டியின் கண்ணாடிக் கம்பியும்கூட இந்த வேலையைச் செய்துவிடும். புழுதியும் ஒருவகை நிழல்தான். கிரஷர், கோழிப்பண்ணை, லாரி ஸ்டாண்ட் பக்கம் நின்றால் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பேனலையும் வண்டியையும் பிரித்து வைத்ததும் இடையில் ஒயர் வந்துவிடுகிறது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். வீட்டு 230 வோல்ட்டில் பழகிய கண்ணுக்கு மெல்லிய ஒயரே போதும் என்று தோன்றும். 12 வோல்ட்டில் அதே சக்திக்கு ஏறத்தாழ இருபது மடங்கு கரன்ட் ஓட வேண்டும். 200 வாட் பேனலிலிருந்து 11 ஆம்பியர் வரும். பத்து மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் இருபது மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் வழியிலேயே இரண்டரை வோல்ட் தொலைந்துவிடும். ஏழில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்கவே போகிறது. 4 சதுர மில்லிமீட்டரில் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும், 6-இல் இன்னும் குறையும். சோலாருக்கென்று விற்கும், வெயிலில் வெடிக்காத உறையுள்ள ஒயரை ஒருமுறை வாங்கிவிட்டால் பேனல் மாறினாலும் அது மாறாது.

பேனலை நேராகப் பேட்டரியில் மாட்டக் கூடாது. 12 வோல்ட் பேனல் எனப்படுவது உண்மையில் 18 வோல்ட்டில் வேலை செய்யும், சுமை இல்லாதபோது 22 வோல்ட்டைத் தொடும். இதை அடக்கிப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் கொடுப்பதற்குத்தான் சார்ஜ் கன்ட்ரோலர். பி.டபிள்யூ.எம். வகை விலை குறைவு. பேனலின் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும், மிஞ்சியது வீண். எம்.பி.பி.டி. வகை மிஞ்சும் வோல்ட்டையும் கரன்ட்டாக மாற்றித் தரும். பின்னதையே வாங்க வேண்டும் என்று எங்கும் சொல்கிறார்கள். இந்த வட்டாரக் கோடையில் அது முழுக்கப் பொருந்தாது. சூட்டில் பேனலின் 18 வோல்ட் 15 வரை இறங்கிவிடும். பேட்டரி 14-இல் இருக்கும். மீட்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஒற்றை 100 வாட் பேனலுக்கு நல்ல பி.டபிள்யூ.எம். போதும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்து 36 வோல்ட்டாகக் கொண்டு வந்தால்தான் எம்.பி.பி.டி. தன் விலையைத் திருப்பித் தரும். அப்போது ஒயரில் கரன்ட் பாதியாகி, இழப்பு கால் பங்காகக் குறையும்.

கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பக்கத்தில். மடிப்புப் பேனல் பலவற்றில் அதைப் பேனலின் முதுகில் ஒட்டி விற்கிறார்கள். அப்படி இருந்தால் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே பத்து மீட்டர் ஒயர் கிடக்கும். அதில் இறங்கும் வோல்ட் தெரியாமல், பேட்டரி நிரம்பிவிட்டதாக எண்ணிக் கன்ட்ரோலர் முன்கூட்டியே கையை இழுத்துக்கொள்ளும். பேட்டரி நாள்தோறும் அரைகுறையாகவே இருக்கும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலில் மின்சாரம் இருக்கும் என்பதால் இணைக்கும் நேரத்தில் மேலே ஒரு போர்வையைப் போட்டுவிடலாம்.

பேட்டரியில் முதல் விதி ஒன்று உண்டு. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியும் தங்கும்போது பயன்படுத்தும் பேட்டரியும் வேறு வேறாக இருக்க வேண்டும். செல்ஃப் எடுக்கும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது அது. அதில் இரவு முழுக்க ஃபேன் ஓட்டிப் பலமுறை இறக்கினால் சில மாதங்களில் கெட்டுவிடும். காலையில் வண்டியும் கிளம்பாது. தங்கலுக்கு வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற டியூபுலர் பேட்டரி ஏற்றது. ஓய்வில் இருக்கும் ஈயப் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் நீண்ட நாள் வரும். சூடான ஊரில் நிரப்பும் வோல்ட்டையும் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.4 என்றால் 40 டிகிரியில் 14-ஐ ஒட்டியே போதும். கன்ட்ரோலரில் வெப்ப உணரி இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றியதை டிஸ்டில்டு வாட்டர் கொண்டே நிரப்ப வேண்டும். நாமக்கல் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு பேட்டரிக்கு ஆகாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம். ஆனால் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் ஐம்பது கிலோவைத் தாண்டும்போது, கிட்டத்தட்ட அதே பயனைத் தரும் 100 ஏ.எச். லித்தியம் பதினைந்து கிலோவுக்குள் அடங்கும். எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம், இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். அதுவும் சூட்டுக்கு அஞ்சும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டியில் அதன் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடக்கூடும். பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்துப் பவர் ஸ்டேஷன் என்று விற்பது சுற்றுலாவுக்கு வசதியானது. ஆறு மாதம் வெளியே நிற்கும் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. உள்ளே ஒன்று போனால் முழுப் பெட்டியும் முடங்கும். தனித்தனியாக வாங்கியவற்றில் கெட்டதை மட்டும் எந்த ஊர்ப் பேட்டரிக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

லாரிக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம் ஒன்று. பெரிய லாரிகளின் மின் அமைப்பு 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். 12 வோல்ட் ஃபேனுக்காக அவற்றில் ஒன்றில் மட்டும் ஒயர் மாட்டி எடுப்பது சாலையில் சாதாரணமாக நடக்கிறது. எடுத்த பேட்டரி எப்போதும் குறையாகவும், மற்றது அளவுக்கு மீறி நிரம்பியும் இருக்கும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். 12 வோல்ட் பேனலை ஒன்றில் மட்டும் மாட்டி நிரப்புவதும் அதே தவறு. எடுப்பதற்கு 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். நிரப்புவதற்கு இரண்டு பேனலைத் தொடராக்கி, 24 வோல்ட் கன்ட்ரோலர் வழியாகக் கொடுக்க வேண்டும். ஷெட்டில் வாரக்கணக்கில் ஓய்ந்து நிற்கும் லாரியிலும் ஜி.பி.எஸ். கருவி பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். 24 வோல்ட்டுக்கு ஏற்ற 40 வாட் பேனல் ஒன்று அதை ஈடுகட்டிவிடும்.

எவ்வளவு பேனல் வாங்குவது என்பதைப் பேனல் கடையில் முடிவு செய்யக் கூடாது; இரவில் என்னென்ன ஓடும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 6 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 வாட்-அவர். 25 வாட் டி.சி. ஃபேன் ஒன்பது மணி நேரத்துக்கு 225. நான்கு செல்போன்களுக்கு 60. பம்புக்கு 15. கூட்டினால் 360, 100 வாட் பேனலுக்கு இது ஏறக்குறையச் சரியாக இருக்கும். நாற்பது லிட்டர் டி.சி. ஃபிரிட்ஜ் ஒன்றைச் சேர்த்தால், கோடையில் அது மட்டுமே 540 எடுக்கும், மொத்தம் 900. அப்போது 300 வாட் பேனலும் 150 ஏ.எச். பேட்டரியும் வேண்டும். இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் ஃபேன் ஓட்டினால் மாற்றும் இழப்போடு, சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் பத்து இருபது வாட் தின்னும். முடிந்ததையெல்லாம் டி.சி.யிலேயே ஓட்டுவதுதான் சிக்கனம். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் பாதகமில்லை. இண்டக்‌ஷன் அடுப்பும் ஏ.சி.யும் இந்தக் கணக்குக்குள் வராது. ஒரு டன் ஏ.சி. இரவு முழுக்க ஓட நான்கு யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதற்கான பேனலைத் தூக்கி வைக்கவும் மடக்கவும் முடியாது. லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனத்தைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையை மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்டது, அந்த ஏ.சி. இன்ஜின் ஓடும்போதுதான் குளிரும். நின்ற வண்டியில் இரவுத் தூக்கத்துக்கு ஃபேன்தான் துணை.

பருவம் பார்த்துத் திட்டமிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடர்ந்து இரண்டு நாள் வானம் மூடினால் கிடைப்பது கால் பங்குக்கும் கீழே போகலாம். இரண்டு இரவுக்கான பேட்டரி இருப்பு அப்போது காப்பாற்றும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஃபேன் தேவைப்படாது, ஆனால் காலை மூட்டம் விலகப் பத்து மணியாகும். குரங்குகள் ஒயரை இழுக்கும் என்பதால் ஆள் இல்லாமல் பேனலை விரித்துவிட்டுப் போக முடியாது. சமவெளியில் ஆடிக் காற்று பெரிய எதிரி. நிமிர்த்தி வைத்த பேனல் பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக் குப்புற விழும், கண்ணாடி சிதறும். அந்த மாதத்தில் சூரியன் தலைக்கு மேல் இருப்பதால் படுக்கையாகவே போட்டு, நான்கு மூலையிலும் கல்லோ முளையோ வைத்துக் கட்டிவிடலாம்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 200 வாட் அமைப்புக்கு 20 ஆம்பியர். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டியை எரிக்கும் அளவுக்குப் பேட்டரியில் ஆற்றல் இருக்கிறது. ஈயப் பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஆகையால் அதைப் படுக்கும் அறையிலும் கேஸ் அடுப்புப் பக்கத்திலும் வைக்காமல், வெளிக்காற்று போகும் பெட்டியில் வைக்க வேண்டும்.

இதில் பாதி வேலையைப் பாடி கட்டும் பட்டறையிலேயே முடித்துவிடலாம். வண்டியின் இரு பக்கமும் மழை படாத ஒரு பிளக், அங்கிருந்து பேட்டரிப் பெட்டி வரை 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், கன்ட்ரோலருக்கு ஓர் அடைப்பு, தங்கலுக்கென இரண்டாவது பேட்டரிக்கு இடம். பலகை அடிப்பதற்கு முன் செய்தால் ஆகும் செலவு சிறிது. பிறகு துளைபோட்டு இழுத்தால் பல மடங்கு. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள் புதிய வண்டிக்குத் தரும் எஸ்டிமேட்டில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அவர்கள் சேர்க்காவிட்டால் ஓனர்கள் கேட்டு வாங்க வேண்டும்.